திட்டம் போட்டுக் கட்டிய ஊருக்குக் கால்பந்து முகம் எங்கிருந்து வரும்? மில்டன் கீன்ஸ், விம்பிள்டன், நம்ம நெய்வேலி

#1 வட்டம்_18

கடலூர், புதுச்சேரிப் பக்கத்துக் கால்பந்து நண்பர்களுக்கு வணக்கம்.

இங்கிலாந்து கீழ்நிலை லீக் பற்றிய இன்னொரு இழையில் ஒருவர், "மில்டன் கீன்ஸ் ஒரு ஊரே இல்லை, அந்த டீமும் ஒரு டீமே இல்லை" என்று எழுதிவிட்டுப் போனார். நிறையப் பேர் அதை ஆமோதித்திருந்தார்கள். நான் நெய்வேலி டவுன்ஷிப்பில் பிறந்து வளர்ந்தவன். "அது என்ன ஊரு, குவார்ட்டர்ஸ்தானே" என்று கடலூர், விருத்தாசலத்துச் சொந்தக்காரர்கள் சொல்வதைச் சின்ன வயதிலிருந்தே கேட்டிருக்கிறேன். அதனால் அந்த வரியின் முதல் பாதி எனக்குச் சுருக்கென்று பட்டது. இரண்டாவது பாதியில் நியாயம் உண்டு. ஆனால் இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டி அடிப்பது சரியில்லை. அதைப் பேசத்தான் இந்த இழை.

முதலில் ஊரைப் பார்ப்போம். லண்டனில் வீட்டு நெருக்கடி முற்றிய காலத்தில், 1967 ஜனவரி 23 அன்று மில்டன் கீன்ஸ் புதுநகரமாக அறிவிக்கப்பட்டது. லண்டனுக்கு வடமேற்கே சுமார் 80 கி.மீ. தூரம், சுமார் 22,000 ஏக்கர், இரண்டரை லட்சம் பேரைக் குடியேற்றுவது இலக்கு. பிளெட்ச்லி, வுல்வர்ட்டன், ஸ்டோனி ஸ்ட்ராட்ஃபோர்ட் என்ற பழைய ஊர்களும் சில கிராமங்களும் எல்லைக்குள் வந்தன. ஏறக்குறைய ஒரு கிலோமீட்டருக்கு ஒரு பெரிய சாலை, குறுக்கே போவதற்கு எச், நெடுக்கே போவதற்கு வி என்று எண், சந்திக்கும் இடமெல்லாம் ரவுண்டானா. இந்தப் படத்தைப் பார்த்தவுடனே "உயிரில்லாத ஊர்" என்று முத்திரை குத்திவிடுகிறார்கள். 1978-இல் அங்கே செய்து வைத்த கான்கிரீட் மாடுகளைச் சொல்லிச் சிரிக்காத இங்கிலாந்துக்காரர் குறைவு.

அடுத்தது டீம். விம்பிள்டன் கிளப் 1889-இல் தென்மேற்கு லண்டனில் பிறந்தது. 1977-இல்தான் மேல் நான்கு நிலைகளைக் கொண்ட கால்பந்து லீக்கில் இடம் கிடைத்தது, ஒன்பதே வருடத்தில் முதல் டிவிஷனுக்கு ஏறியது. 1988-இல் வெம்பிளியில் லிவர்பூலை 1-0 என்று வென்று எஃப்.ஏ. (இங்கிலாந்து கால்பந்து சங்கம்) கோப்பையைத் தூக்கியது. லாரி சான்செஸ் தலையால் முட்டிய கோல், ஜான் ஆல்ட்ரிட்ஜின் பெனால்டியைப் பாய்ந்து தடுத்த டேவ் பெசன்ட். பழைய வீடியோ இருக்கிறது, பாருங்கள்.

பிறகு 1989-இல் ஹில்ஸ்பரோ மைதானத்து நெரிசலில் ரசிகர்கள் இறந்த துயரம். அதை விசாரித்த டெய்லர் அறிக்கை, மேல்நிலை மைதானங்களில் எல்லோருக்கும் இருக்கை வேண்டும் என்றது. விம்பிள்டனின் சின்ன ப்ளவ் லேன் மைதானம் அதற்குத் தோதுப்படவில்லை. 1991-இல் கிரிஸ்டல் பேலஸ் கிளப்பின் செல்ஹர்ஸ்ட் பார்க்குக்குக் குடித்தனம் போனார்கள். பழைய இடம் விற்றுப்போனது. சொந்த மைதானம் இல்லாமல் அலைந்த கிளப்பை, 2001-இல் உரிமையாளர்கள் மில்டன் கீன்ஸுக்குக் கொண்டுபோவதாக அறிவித்தார்கள். லீக் நிர்வாகம் முதலில் மறுத்தது. கடைசியில் எஃப்.ஏ. அமைத்த மூவர் குழு 2002 மே 28 அன்று 2-1 என்ற கணக்கில் அனுமதி கொடுத்தது. 2003 செப்டம்பரில் மில்டன் கீன்ஸ் ஹாக்கி ஸ்டேடியத்தில் முதல் ஆட்டம். 2004-இல் பெயர் மில்டன் கீன்ஸ் டான்ஸ் (Dons) ஆனது. 2007-இல் புது ஸ்டேடியம்.

இதில் ஊர் செய்த குற்றம் என்ன? அங்கே குடியிருந்த யாரிடமும் "அடுத்தவன் டீமைத் தூக்கிட்டு வரலாமா" என்று கேட்கவில்லையே.

#2 உப்பளம்_கேலரி

தம்பி, அழகாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

புதுச்சேரி உப்பளத்தில் கேலரியில் உட்கார்ந்து வயதானவன் நான். சந்தோஷ் டிராபியில் நம் பாண்டி டீம் தோற்காத வருடம் குறைவு. இருந்தாலும் அது நம் டீம். நாளைக்கு ஒருவர் வந்து, "உங்களுக்குக் கூட்டம் சேரவில்லை, இந்த டீமை ஓசூருக்கு எடுத்துக்கொண்டு போகிறேன், ஜெர்சியும் ஆட்டக்காரர்களும் லீக் இடமும் எனக்கு, நினைவு மட்டும் உங்களுக்கு" என்றால் விடுவோமா? அங்கே நடந்தது அதுதான்.

அந்தத் தீர்ப்புக்குப் பிறகு நடந்ததை நீங்கள் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். ரசிகர்கள் புதுக் கிளப் தொடங்கப் போவதாகச் சொன்னபோது, அது கால்பந்தின் பரந்த நலனுக்கு உகந்ததல்ல என்று அந்த மூவர் குழு அறிக்கையிலேயே எழுதினார்கள். அதைப் படித்துவிட்டும் சில வாரங்களில் ஏ.எஃப்.சி. விம்பிள்டன் உருவானது. விம்பிள்டன் காமன் என்ற பொதுப் புல்வெளியில் ஆள் தேர்வு வைத்தார்கள். இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். அதில் பொறுக்கி எடுத்து, ஒன்பதாம் நிலை லீக்கில் தொடங்கினார்கள். அங்கேயும் மூவாயிரம் பேர் பார்க்க வந்தார்கள். அதே பருவத்தில் செல்ஹர்ஸ்ட் பார்க்கில் ஆடிக்கொண்டிருந்த பழைய விம்பிள்டனுக்கு வந்ததைவிட அதிகக் கூட்டம்! லீக் ஆட்டங்களில் தொடர்ந்து 78 ஆட்டம் தோற்கவில்லை. 2011-இல் லூட்டனைப் பெனால்டியில் வென்று கால்பந்து லீக்குக்குள் நுழைந்தார்கள். 2020 நவம்பரில், ப்ளவ் லேனிலேயே, பழைய இடத்துக்குக் கிட்டத்தில் கட்டிய சொந்த மைதானத்துக்குத் திரும்பினார்கள். கிளப் இன்றைக்கும் ரசிகர்கள் அறக்கட்டளையின் கையில்.

ஒன்பதாம் நிலையிலிருந்து ஏறி வரலாம் என்று அவர்கள் காட்டிவிட்டார்கள். மில்டன் கீன்ஸும் அந்த வழியில் வந்திருக்கலாம், வரவில்லை. ஊருக்குக் கால்பந்து ஆசை இருந்ததென்றால், வரிசையில் நின்றிருக்க வேண்டும்.

#3 குறிஞ்சிப்பாடி_லெஃப்ட்விங்

ஒரு சந்தேகம். இரண்டரை லட்சம் பேர் ஊரில் உள்ளூர் கிளப்பே இல்லையா? அதையே வளர்த்திருக்கலாமே?

#4 பாதிரிப்புலியூர்_பையன்

இதற்கு நான் பதில் சொல்லலாம். பல வருடம் மில்டன் கீன்ஸில் வேலை பார்த்துவிட்டு இப்போது கடலூருக்கே திரும்பிவிட்டேன். என் பையன் அங்கே பிறந்தவன்.

உள்ளூர் கிளப்புகள் இருந்தன. மில்டன் கீன்ஸ் சிட்டி என்ற பெயரிலேயே ஒரு கிளப் கீழ்நிலையில் ஆடியது, விம்பிள்டன் வந்த 2003-இலேயே அது மூடப்பட்டது. வுல்வர்ட்டன் ரயில்வே பட்டறை ஊர். பட்டறை 1838-இல் வந்தது, அந்தத் தொழிலாளர்களுக்குக் கால்பந்து நூற்றாண்டுப் பழக்கம். பெரிய மைதானம், பெரிய லீக் என்று கனவு கண்டவர்கள் அந்தச் சின்ன மைதானங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. வெளியூர் டீமைக் கொண்டுவரும் பேச்சும் 2001-இல் தொடங்கியதல்ல. 1980-களிலேயே லூட்டன் டவுனை அங்கே மாற்றும் யோசனை ஓடியது, லூட்டன் ரசிகர்கள் எதிர்த்து நிறுத்தினார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. புது ஊருக்கு வந்தவன் தன் பழைய டீமைக் கையோடு கொண்டுவருவான். என் பக்கத்து வீட்டுத் தாத்தா 1970-களில் கிழக்கு லண்டனிலிருந்து வந்தவர், அவருக்கு வெஸ்ட் ஹாம். எதிர்வீடு ஸ்காட்லாந்து, செல்டிக். நான் டி.வி. பார்த்து வளர்ந்த மான்செஸ்டர் யுனைடெட் ரசிகன். எங்கள் எவருக்கும் உள்ளூரில் ஒரு டீம் வேண்டும் என்று தோன்றவில்லை. பிள்ளைகள் பிறந்த பிறகுதான் அது தேவைப்பட்டது. "நம்ம ஊர் டீம் எதுப்பா" என்று கேட்கிறவன் அங்கேயே பிறந்த பிள்ளைதான்.

உயிரில்லாத ஊர் என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் காரில் போனவர்கள். பெரிய சாலையில் போனால் இரண்டு பக்கமும் மண் மேடும் மரமும்தான் தெரியும், வீடே தெரியாது. வேண்டுமென்றே அப்படிக் கட்டினார்கள். சைக்கிளில் போனால் வேறு ஊர். ரெட்வே என்று செந்நிறத் தார் போட்ட பாதை ஊர் முழுக்கப் போகிறது, பெரிய சாலைக்கு அடியில் சுரங்கப்பாதையில் நுழைந்து வெளியே வரும். பையனைப் பள்ளிக்கு அதில்தான் கூட்டிப் போவேன். போகிற வழியில் ஒரு பழைய கிராமம் அப்படியே இருக்கும், கல் தேவாலயம், பப், நான்கைந்து கூரை வீடு. வில்லென் ஏரிக்கரையில் ஜப்பானியப் பிக்குகள் 1980-இல் கட்டிய அமைதித் தூபி இருக்கிறது. மரங்களையே தூண்களாக நட்டு ஒரு தேவாலய வடிவம் வளர்த்திருக்கிறார்கள். நடுநகரத்துப் பெரிய சாலை ஒன்றை, கோடை நடுநாள் சூரியன் உதிக்கும் திசைக்கு நேராக வைத்திருக்கிறார்கள். வாழ்ந்து பார்த்தவனுக்கு அது குணமுள்ள ஊர்தான்.

ஸ்டேடியம் அப்படியல்ல. கறுப்பு இருக்கைகள், ஆடுகளம் தரைமட்டத்துக்குக் கீழே, உள்ளே நுழைந்ததும் மொத்த மைதானமும் காலடியில் தெரியும். பிரமிப்பாகத்தான் இருக்கும். ஆனால் சுற்றிலும் ஐக்கியா, ஆஸ்டா, கார் நிறுத்தம். ஆட்டம் முடிந்து வெளியே வந்தால் பேசிக்கொண்டு நடக்க ஒரு தெரு கிடையாது. முப்பதாயிரம் இருக்கையில் ஏழெட்டாயிரம் பேர் உட்கார்ந்தால் சத்தம் எழும்பாது. அந்த ஸ்டேடியம் பெரிய கடைகளின் கட்டுமானத் திட்டத்தோடு சேர்ந்து வந்தது. டீம் வந்தால்தான் ஸ்டேடியம், ஸ்டேடியம் வந்தால்தான் கடை என்று கணக்குப் போட்டார்கள். உப்பளம் அண்ணன் கோபப்பட வேண்டியது அந்தக் கணக்கின் மேல்.

#5 உப்பளம்_கேலரி

கணக்குப் போட்டவர்கள் மேல்தான் கோபம். ஆனால் அந்தக் கணக்கில் வந்த டீமுக்கு டிக்கெட் வாங்கிப் போனவர்களுக்கும் பங்கு உண்டு என்றுதான் லண்டன் ரசிகர்கள் சொன்னார்கள். முதல் சில வருடம் வெளியூர் ரசிகர்கள் பலர் அங்கே ஆட்டம் பார்க்கப் போகவே மறுத்தார்கள். ரசிகர் கூட்டமைப்பும் அந்த ஊர் ரசிகர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. விம்பிள்டனின் கோப்பைகளையும் வரலாற்று உரிமையையும் விட்டுக்கொடுக்கிறோம் என்று 2006-இல் ஒப்பந்தம் ஆன பிறகுதான் சேர்த்தார்கள். 1988 கோப்பையின் பிரதி உட்பட எல்லாம் 2007-இல் விம்பிள்டன் இருக்கும் மெர்ட்டன் நகராட்சிக்குத் திரும்பியது.

#6 வட்டம்_18

அந்த ஒப்பந்தத்தை நான் பெரிதாக நினைக்கிறேன் அண்ணே. ஒரு கிளப் தன் வரலாற்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "எங்கள் கதை 2004-இல் தொடங்குகிறது" என்று எழுதிக்கொள்வது சின்ன விஷயம் இல்லை. அதைக் கேட்டு வாங்கியதில் லண்டன் ரசிகர்களுக்கு எவ்வளவு பெருமையோ, கொடுக்க ஒத்துக்கொண்ட மில்டன் கீன்ஸ் ரசிகர்களுக்கும் அவ்வளவு உண்டு.

வரிசையில் நிற்பது பற்றி நீங்கள் சொன்னது முழுக்க நியாயம். அதற்கு நல்ல சாட்சி ஸ்டீவனேஜ். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இங்கிலாந்து அறிவித்த முதல் புதுநகரம் அதுதான், 1946-இல். இன்றைய கிளப் 1976-இல் தொடங்கியது. கீழே இருந்து ஒவ்வொரு படியாக ஏறி 2010-இல் லீக்குக்குள் வந்தது. அடுத்த ஜனவரியே நியூகாசிலை 3-1 என்று வீட்டுக்கு அனுப்பியது. க்ராலியும் 1947-இல் அறிவித்த புதுநகரம், 2011-இல் லீக்குக்கு வந்தது. இந்த இரண்டு ஊரையும் "பிளாஸ்டிக்" என்று யாரும் திட்டுவதில்லை. ஆக, திட்டமிட்ட ஊருக்குக் கால்பந்து ஒட்டாது என்பது பொய். பண்ருட்டிப் பலா மாதிரிதான், கன்று வைத்தவன் காய்க்கும் வரைக்கும் காத்திருக்க வேண்டும், அடுத்த தோப்பிலிருந்து காயைப் பறித்து வந்து மரத்தில் கட்டிவிடக் கூடாது.

ஸ்காட்லாந்தில் இன்னும் சிக்கலான கதை ஒன்று உண்டு. எடின்பரோவின் மெடோபேங்க் திஸில் கிளப்பை 1995-இல் லிவிங்ஸ்டன் என்ற புதுநகரத்துக்கு மாற்றிப் பெயரும் மாற்றினார்கள். மெடோபேங்க் ரசிகர்கள் கடுமையாக எதிர்த்தார்கள், ஆனால் எண்ணிக்கையில் சிறியவர்கள். 2004-இல் லிவிங்ஸ்டன் ஸ்காட்லாந்து லீக் கோப்பையை வென்றது. இன்று அதைப் பேசுகிறவர்கள் எத்தனை பேர்? சத்தம் போட ஆள் இருந்ததால் விம்பிள்டன் அநியாயம் உலகத்துக்குத் தெரிந்தது. இது எனக்கு வருத்தமான விஷயம்.

#7 குறிஞ்சிப்பாடி_லெஃப்ட்விங்

நம் நாட்டிலேயே நடந்ததே! டெல்லி டைனமோஸை 2019-இல் புவனேஸ்வருக்குக் கொண்டுபோய் ஒடிஷா எஃப்.சி. என்றார்கள். அதே வருடம் புனே சிட்டி மூடி ஹைதராபாத் வந்தது. நம்மில் ஒருத்தர்கூட மறியல் செய்யவில்லை.

#8 உப்பளம்_கேலரி

அந்த டீம்கள் பிறந்ததே 2014-இல் தம்பி. ஐந்து வருடத்தில் அப்பன் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க என்ன இருக்கும்? அதையே மோகன் பகானிடம் செய்து பார்த்தார்கள், ஏ.டி.கே. என்ற வேறொரு கிளப்பின் பெயரை 2020-இல் முன்னால் ஒட்டினார்கள். கொல்கத்தா விட்டதா? மூன்று வருடம் விடாமல் கத்தினார்கள், 2023-இல் அந்த மூன்று எழுத்தை எடுத்தார்கள். பழைய கிளப் என்றால் கேட்க ஆள் இருக்கும்.

#9 பரவனாறு

நெய்வேலி தம்பியிடம் ஒரு வார்த்தை. மில்டன் கீன்ஸில் பழைய கிராமங்களை உள்ளே வைத்துச் சுற்றிலும் ஊர் கட்டினார்கள் என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். அந்தப் பெயரைக் கொடுத்த கிராமம்கூட இன்னும் இருக்கிறதாமே. நெய்வேலியில் அப்படி இல்லை. பழுப்பு நிலக்கரி பூமிக்கு அடியில், மேலே ஊரும் வயலும். ஊரை வைத்துக்கொண்டு கரியை எடுக்க முடியாது. ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு தோண்டும்போது கரி தெரிந்ததும், அவர் நிலம் கொடுத்ததும் எல்லோரும் சொல்லும் கதை. 1957-இல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்ததும் பாடத்தில் வரும். இடம்பெயர்ந்த ஊர்களின் பெயர் பாடத்தில் வராது. என் தாத்தா ஊரின் மாரியம்மன் கோயில் இருந்த இடம் இப்போது சுரங்கத்துக்குள் எங்கேயோ இருக்கிறது. அந்த ஊருக்கும் ஒரு கபடி டீம் இருந்தது என்று அப்பா சொல்வார்.

அதனால் விம்பிள்டன்காரர்கள் ஏன் இருபது வருடமாகியும் கோபம் ஆறாமல் இருக்கிறார்கள் என்பது எனக்குச் சட்டென்று புரிகிறது. அவர்களுக்குத் திரும்பிப் போக ப்ளவ் லேன் இருந்தது. அது பெரிய கொடுப்பினை.

#10 வட்டம்_18

பரவனாறு அண்ணே, நீங்கள் சொன்னதை மறுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. டவுன்ஷிப் பிள்ளைகளான எங்களுக்கு அகலச் சாலையும் வேப்பமரமும்தான் முதல் நினைவு. அதற்கு முந்திய நினைவு உங்களிடம் இருக்கிறது. இரண்டும் சேர்ந்ததுதான் அந்த இடத்தின் வரலாறு.

நெய்வேலிக்கு ஏன் மில்டன் கீன்ஸ் அளவுக்குக்கூட ஒரு டீம் அடையாளம் வரவில்லை என்று நான் ரொம்ப நாளாக யோசித்திருக்கிறேன். மைதானம் இல்லாமல் இல்லை, பாரதி ஸ்டேடியம் இருக்கிறது. டவுன்ஷிப்பை வட்டம் வட்டமாக எண் போட்டுப் பிரித்திருப்பார்கள், வட்டத்துக்கு வட்டம் விளையாட இடம் இருந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்கு வட்டம் 18 பையன்களும் பக்கத்து வட்டத்துப் பையன்களும் மோதினால் இருட்டும் வரைக்கும் ஓயாது. கோல் கம்பத்துக்குச் செருப்பு, எல்லைக் கோட்டுக்கு சைக்கிள். தமிழ், தெலுங்கு, மலையாளம் எல்லாம் ஒரே டீமில் கேட்கும். வட்டத்து எண்தான் எங்கள் ஜெர்சி. ஊருக்கு என்று ஒரு டீம் மட்டும் அமையவில்லை.

காரணம் குவார்ட்டர்ஸ் என்று நினைக்கிறேன். அப்பா ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். சிலர் வடக்குத்து, இந்திரா நகர் பக்கம் மனை வாங்கித் தங்குவார்கள், மற்றவர்கள் சொந்த ஊருக்கோ சென்னைக்கோ போய்விடுவார்கள். அந்த வீட்டுக்கு வேறு குடும்பம் வரும். தாத்தா உட்கார்ந்த அதே கேலரியில் பேரன் உட்காருவது டவுன்ஷிப்பில் நடக்காத காரியம். கிளப் பாசம் கைமாறுவது அப்படித்தானே? மில்டன் கீன்ஸில் வீடு வாங்கினவன் அங்கேயே கிழவனாகலாம். அவன் பேத்தி அதே ரெட்வேயில் சைக்கிள் விடலாம். அந்த ஒரு வித்தியாசத்தால் அவர்களுக்கு இன்னும் காலம் இருக்கிறது, எங்களுக்கு இல்லை.

#11 முத்தியால்பேட்டை_முனை

கம்பெனி ஊர் என்றால் முடியாது என்று சொல்லிவிட முடியாது வட்டம்_18. ஜாம்ஷெட்பூரைப் பாருங்கள். டாட்டா கட்டிய ஊர்தான். 1987-இல் டாட்டா கால்பந்து அகாடமி வந்தது, முப்பது வருடம் நாடு முழுக்க ஆட்டக்காரர்களைக் கொடுத்தது. அதற்குப் பிறகு 2017-இல்தான் ஜாம்ஷெட்பூர் எஃப்.சி. என்று ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) டீம். 2021-22-இல் லீக் ஷீல்டையும் எடுத்தார்கள். முதலில் பிள்ளைகளை வளர்த்தார்கள், டீம் பிறகு வந்தது.

எங்கள் வாசலிலேயே ஆரோவில் இருக்கிறது. மில்டன் கீன்ஸ் அறிவித்து ஒரு வருடம் கழித்து, 1968 பிப்ரவரி 28-இல் தொடங்கியது. ஐம்பதாயிரம் பேருக்கு வரைபடம், இன்று சில ஆயிரம் பேர். வரைபடத்தில் இருந்த வட்டச் சாலைக்காக வளர்ந்த மரத்தை வெட்டலாமா என்று 2021-இல் பெரிய தகராறு. வரைந்தவன் நினைத்த ஊர் ஒன்று, வாழ்ந்தவன் வளர்த்த ஊர் வேறு. மில்டன் கீன்ஸிலும் அதே இழுபறி இருந்திருக்கும்.

#12 அலைவாய்க்கரை

இந்த இழையில் எல்லோரும் ஆண்கள் டீமையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். நான் கடலூர் தேவனாம்பட்டினத்துப் பெண். கால்பந்து ஆடியவள். கொஞ்சம் நம் ஊரையும் பார்ப்போம்.

கடலூருக்குக் கால்பந்து முகம் இருக்கிறது. அது பெண்கள் முகம். இந்திய அணியின் நடுக்களத்தில் பல வருடம் ஆடிய இந்துமதி கதிரேசன் கடலூர்க்காரர், தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர். 2018-இல் ஷில்லாங்கில் இந்தியப் பெண்கள் லீக் நடந்தபோது கடைசிச் சுற்றில் நாடு முழுவதும் சேர்த்து ஏழு டீம். அதில் ஒன்று கடலூரின் இந்திரா காந்தி விளையாட்டு, கல்வி அகாடமி. பெரிய முதலாளி கிடையாது, கறுப்பு இருக்கை ஸ்டேடியமும் கிடையாது. அதே வருடம் தமிழ்நாடு பெண்கள் அணி இறுதியில் மணிப்பூரை 2-1 என்று தோற்கடித்து தேசியப் பட்டம் வாங்கியது. 2023-இல் அமிர்தசரஸில் ஹரியானாவை வென்று மறுபடியும் வாங்கினார்கள். மணிப்பூரைத் தோற்கடிப்பது என்றால் என்ன என்று பெண்கள் கால்பந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியும்.

2004 சுனாமியில் எங்கள் கரை என்ன ஆனது என்று சொல்ல வேண்டியதில்லை. அதற்குப் பிறகு அரசுக் காப்பகத்தில் தங்கிப் படித்த பெண்களில் சிலர் இந்தப் பந்தால்தான் வெளி உலகம் பார்த்தார்கள். விடியற்காலையில் அண்ணா ஸ்டேடியத்துக்குப் போனால் ஷூ லேஸை இரண்டு சுற்று சுற்றி முடிச்சுப் போடுகிற பத்து வயசுப் பிள்ளைகளைப் பார்க்கலாம். அக்காவோ சித்தியோ போட்டுக் கழித்த ஷூ, அளவு பெரிது, அதனால் அப்படிக் கட்டுவார்கள். நானும் அப்படித்தான் கட்டினேன்.

யாரும் வரைபடம் போட்டு இதை உருவாக்கவில்லை. எங்களிடம் இல்லாதது பார்க்க வருகிறவர்கள்தான். மில்டன் கீன்ஸில் ஏழாயிரம் பேர் வந்தால் காலி என்கிறார்கள். எங்கள் ஆட்டத்துக்கு எழுபது பேர் வந்தால் அன்றைக்குத் திருவிழா. அங்கே முதலில் ஸ்டேடியம் கட்டி ரசிகனைத் தேடினார்கள். இங்கே ஆட்டக்காரிகள் காத்திருக்கிறார்கள், ரசிகர்கள் வரவில்லை.

#13 உப்பளம்_கேலரி

அம்மா, நீங்கள் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. உப்பளத்திலிருந்து கடலூர் பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட இல்லை. அடுத்த ஆட்டம் எப்போது என்று இங்கே போடுங்கள், எங்கள் கேலரிக் கோஷ்டியைக் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

#14 பாதிரிப்புலியூர்_பையன்

அக்கா, நானும் வருகிறேன். மைதானத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருந்துகொண்டு இத்தனை நாள் இங்கிலாந்து ஸ்கோர் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

மில்டன் கீன்ஸ் பற்றி இன்னும் ஒரு விஷயம் பாக்கி. 2014 ஆகஸ்டில் லீக் கோப்பையில் மான்செஸ்டர் யுனைடெட்டை 4-0 என்று அடித்தார்கள். அன்று நடுக்களத்தில் ஆடியவன் அதே ஊரில் பிறந்து, அதே கிளப்பில் சிறுவயதிலிருந்து வளர்ந்த டெலி ஆலி. பிறகு டாட்டன்ஹம், இங்கிலாந்து அணி வரைக்கும் போனான். நான் யுனைடெட் ரசிகன் என்று மேலே சொன்னேன். அந்த நான்காவது கோலுக்கு எங்கள் தெருவே வெளியில் வந்தது. வெஸ்ட் ஹாம் தாத்தாவும் வந்தார். ஒரு டீம் வந்த வழி எதுவாக இருந்தாலும், அந்த ராத்திரியைப் பார்த்த பிள்ளையிடம் "உன் டீம் திருட்டு டீம்" என்று எப்படிச் சொல்வது? என் பையன் இப்போதும் சனிக்கிழமை ராத்திரி போனோடு உட்கார்ந்துவிடுவான். அங்கே மதியம் மூன்று மணி ஆட்டம், நமக்குக் கோடையில் ஏழரை, குளிர்காலத்தில் எட்டரை.

2012 டிசம்பரில் இரண்டு கிளப்பும் முதன்முதலாக மோதிய எஃப்.ஏ. கோப்பை ஆட்டத்துக்கும் போயிருந்தேன். கடைசி நேரத்தில் குதிகாலால் தட்டிய கோலில் மில்டன் கீன்ஸ் 2-1 என்று வென்றது. வெற்றிதான், ஆனால் எதிர்ப்பக்கம் நின்ற லண்டன் ரசிகர்கள் பாடிய பாட்டில் நம் பக்கம் பலருக்கு முகம் கொடுக்க முடியவில்லை.

#15 குறிஞ்சிப்பாடி_லெஃப்ட்விங்

அப்போ "டான்ஸ்" என்ற பெயரை மட்டும் ஏன் இன்னும் வைத்திருக்கிறார்கள்? அது விம்பிள்டன் பட்டப்பெயர்தானே? கோப்பையைக் கொடுத்தவர்கள் பெயரையும் கொடுத்துவிட்டால் விவகாரம் தீர்ந்தது.

#16 உப்பளம்_கேலரி

அதைத்தான் அவர்களும் கேட்கிறார்கள் தம்பி. 2017-இல் லண்டனில் ஆட்டம் நடந்தபோது ஆட்டப் புத்தகத்தில் எதிரணியை வெறும் "மில்டன் கீன்ஸ்" என்று போட்டு லீக்கிடம் குற்றச்சாட்டு வாங்கிக்கொண்டார்கள். அபராதம் வந்தாலும் பரவாயில்லை என்று நின்றவர்கள். ஊரை மன்னிக்கச் சொன்னால் நான் மன்னித்துவிடுவேன், அலைவாய்க்கரைப் பெண்ணும் புலியூர்த் தம்பியும் எழுதியதைப் படித்த பிறகு அதில் சிரமம் இல்லை. பெயர் அந்த ஊருடையது இல்லை. அதைக் கழற்ற வேண்டும்.

#17 வட்டம்_18

நானும் அதே பக்கம். இப்படி ஒரு ஊருக்கு விம்பிள்டனின் மிச்சம் தேவையே இல்லை. 2022-இல் மாநகர அந்தஸ்தும் கிடைத்துவிட்டது. கிளப்பைக் கொண்டுவந்தவரும் 2024-இல் குவைத் முதலீட்டாளர்களுக்கு விற்றுவிட்டார். மாற்ற வேண்டுமென்றால் இப்போது மாற்றலாம்.

#18 பாதிரிப்புலியூர்_பையன்

அங்கே ரசிகர்களுக்குள்ளேயே இதில் இரண்டு கட்சி உண்டு. பெரியவர்கள் பலர் மாற்றலாம் என்பார்கள், முதல் நாளிலிருந்து இந்தப் பழியைச் சுமந்தவர்கள் அவர்கள். இளசுகள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அவர்கள் பிறந்ததிலிருந்து கத்திய பெயர் அதுதான், விம்பிள்டன் அவர்களுக்கு டென்னிஸ். என்னைக் கேட்டால் மாற்றிவிடலாம். பையனிடம் கேட்டேன், முடியாது என்கிறான். அவன் அங்கே பிறந்தவன், அவன் பேச்சுக்கு என் பேச்சைவிட எடை அதிகம் என்று நினைக்கிறேன்.

அலைவாய்க்கரை அக்கா, ஆட்டத் தேதியைப் போட மறக்காதீர்கள். பையனையும் கூட்டி வருகிறேன்.